பழுதாகாத பம்பும் தரவுதான்: ஆயுள் கணிப்பில் வெய்புல் முறை

எட்டு சிறிய தண்ணீர் பம்புகளைச் சோதனை மேடையில் பூட்டி ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். 620, 1150, 1400, 1900 மணி நேரங்களில் நான்கு பழுதாகின்றன. நான்கிலும் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்து தண்ணீர் கசிகிறது. ஒன்றை 900 மணி நேரத்தில் கழற்ற வேண்டியதாகிறது. பம்பில் குறையில்லை, அதைத் தாங்கிய சட்டம்தான் உடைந்தது. இன்னொன்று 1600 மணி நேரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, சீல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பிரிக்கப்படுகிறது. மீதி இரண்டும் 2400 மணி நேரம் ஓடி, சோதனை முடிந்ததால் நிறுத்தப்படுகின்றன.

இந்தப் பம்பின் ஆயுள் எவ்வளவு?

பழுதான நான்கின் சராசரியை எடுத்தால் 1268 மணி நேரம். எட்டும் ஓடிய மொத்த நேரமான 12,370-ஐ நான்கு பழுதுகளால் வகுத்தால் 3093 மணி நேரம், அறிக்கைகளில் எம்.டி.பி.எஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரிக் காலம்) என்று போடுவது இதைத்தான். ஒரே தரவு, இரண்டரை மடங்கு வித்தியாசம். இரண்டுமே தவறு. முதல் கணக்கு, பழுதாகாத நான்கு பம்புகள் இல்லவே இல்லை என்று பாவிக்கிறது. இரண்டாவது அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது; ஆனால் புதுப் பம்பும் 2000 மணி நேரம் ஓடித் தேய்ந்த பம்பும் அடுத்த ஒரு மணி நேரத்தில் பழுதாக ஒரே வாய்ப்புதான் என்று கருதுகிறது. தேயும் சீலுக்கு அது பொருந்தாது.

பழுதாகாத ஒவ்வொரு பம்பும் ஒரு செய்தி சொல்கிறது: "என் ஆயுள் இத்தனை மணி நேரத்துக்கு மேல்." எவ்வளவு மேல் என்று தெரியாது, அவ்வளவுதான். இந்த அரைகுறைச் செய்தியை வீணாக்காமல் கணக்கில் சேர்ப்பதற்கான வழிகளில் எளியது, வெய்புல் தாளில் (வெய்புல் பரவல் நேர்கோடாகத் தெரியும்படி அச்சுகள் வகுத்த வரைபடத் தாளில்) தரவரிசையைத் திருத்திப் புள்ளி வைப்பது. கையாலேயே செய்யலாம். மென்பொருள் இருந்தாலும் ஒருமுறை கையால் செய்து பார்ப்பது நல்லது. பிறகு மென்பொருள் தரும் எண்ணை எந்த இடத்தில் சந்தேகிக்க வேண்டும் என்று தெரியும்.

எட்டு பம்புகளையும், பழுதோ இல்லையோ, நேர வரிசையில் எழுதுங்கள்: 620 பழுது, 900 நிறுத்தம், 1150 பழுது, 1400 பழுது, 1600 நிறுத்தம், 1900 பழுது, 2400 நிறுத்தம், 2400 நிறுத்தம். பழுதானவற்றுக்கு மட்டும் வரிசை எண் கொடுக்க வேண்டும். ஆனால் 1, 2, 3, 4 என்று கொடுக்க முடியாது. 900-இல் கழற்றிய பம்பை விட்டு வைத்திருந்தால் அது 1150-க்கு முன்பும் பழுதாகியிருக்கலாம், பின்பும் ஆகியிருக்கலாம். அந்த நிச்சயமின்மையை லெனார்ட் ஜான்சனின் திருத்தம் பகிர்ந்து கொடுக்கிறது. ஒவ்வொரு பழுதிலும் வரிசை எண் கூடும் அளவு இது:

(மொத்தம் + 1 − முந்தைய வரிசை எண்) ÷ (1 + இந்தப் பம்பையும் சேர்த்து மீதமிருப்பவை)

620-க்கு 9 ÷ 9 = 1. 1150-இல் மீதமிருப்பவை ஆறு; (9 − 1) ÷ 7 = 1.143, ஆக வரிசை எண் 2.143. அடுத்த 1400-க்கு முன் நிறுத்தம் எதுவும் இல்லாததால் அதே 1.143 கூடி 3.286. 1900-இல் மீதமிருப்பவை மூன்று, (9 − 3.286) ÷ 4 = 1.429, வரிசை எண் 4.714.

இந்த எண்களைப் பெனார்ட் சூத்திரத்தில் போட்டால் மீடியன் ரேங்க் கிடைக்கும்: வரிசை எண்ணிலிருந்து 0.3-ஐக் கழித்து, மொத்தத்தோடு 0.4 சேர்த்த எண்ணால் வகுக்க வேண்டும். இங்கே வகுக்கும் எண் 8.4. விடைகள் 8.3%, 21.9%, 35.5%, 52.6%. அதாவது 1900 மணி நேரத்துக்குள் இத்தகைய பம்புகளில் சுமார் 53% பழுதாகியிருக்கும் என்பது நம் மதிப்பீடு.

இனி நேர்கோடு. வெய்புல் பரவலில் பழுதான பங்கு = 1 − எக்ஸ்ப்[−(காலம் ÷ ஈட்டா)^பீட்டா]. இதில் எக்ஸ்ப் என்பது இயல் மடக்கையின் தலைகீழ்ச் செயல்; ஈட்டா ஆயுளின் அளவையும், பீட்டா வயதோடு பழுது வாய்ப்பு எப்படி மாறுகிறது என்பதையும் சொல்லும் எண்கள். இந்த இரண்டையும்தான் தேடுகிறோம். இருபுறமும் இரண்டு முறை இயல் மடக்கை எடுத்தால் இந்தச் சமன்பாடு நேர்கோடாகிவிடும். கிடை அச்சில் மணி நேரத்தின் மடக்கை; நெடு அச்சில் மடக்கை[−மடக்கை(1 − பங்கு)]. நம் நான்கு புள்ளிகளின் நெடு அச்சு மதிப்புகள் −2.442, −1.396, −0.823, −0.294. எக்செல்லில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிச்சயமின்மை ரேங்கைவிடக் காலத்தில்தான் என்பதால், காலத்தின் மடக்கையைச் சார்ந்த மாறியாக வைத்துக் கோடு பொருத்துவதே வழக்கம். அப்படி வைத்தால் ஸ்லோப் தருவது பீட்டாவின் தலைகீழி, இன்டர்செப்ட் தருவது ஈட்டாவின் மடக்கை. இங்கே 0.512, 7.702. ஆக பீட்டா 1.95, ஈட்டா 2210 மணி நேரம்.

ஈட்டா என்பது 63.2% பழுதாகிவிடும் காலம். பீட்டா எதுவாக இருந்தாலும் இந்த 63.2 மாறாது. 10% பழுதாகும் காலமான பி10 ஆயுளுக்கு 0.10536-ஐ (1 ÷ பீட்டா) அடுக்குக்கு உயர்த்தி ஈட்டாவால் பெருக்க வேண்டும். சுமார் 700 மணி நேரம் வரும். சராசரி ஆயுள் 1960. முதலில் பார்த்த 3093 மணி நேரத்தை இந்தப் பம்புகளில் ஏறத்தாழ 15% தான் எட்டும். பழுதாகாதவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு நான்கு புள்ளிகளுக்கு மட்டும் கோடு போட்டிருந்தால் ஈட்டா 1470, பி10 515 என்று வந்திருக்கும். கோடு அதிலும் அழகாகத்தான் பொருந்தும். பொருத்தம் நன்றாக இருப்பதால் கணக்கு சரி என்று ஆகிவிடாது.

இந்த முறை சரியாக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு, பலரும் அதைக் கேட்பதே இல்லை: பம்பு நிறுத்தப்பட்டதற்கும் அதன் உடல்நிலைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சட்டம் உடைந்தது என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் 1600-இல் பிரித்த பம்பு "கொஞ்சம் சத்தம் போடுகிறதே" என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், அது பழுதாகும் தறுவாயில் இருந்த பம்பு. அதை நலமாக இருந்ததாகக் கணக்கில் எழுதினால் ஆயுள் கூடுதலாகத் தெரியும். எந்தச் சூத்திரமும் இதைத் திருத்தாது. பிரித்துப் பார்க்க வேண்டிய பம்பின் எண்ணைச் சோதனை தொடங்கும் முன்பே குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்து எழுதி வைத்துவிட வேண்டும்.

பீட்டாவைப் பற்றி. ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஆரம்பக் கோளாறு: சரியாகப் பற்றவைக்காத சால்டர், முறுக்கு போதாத போல்ட், தரக் கட்டுப்பாட்டில் தப்பிவந்தவை. அப்போது வாடிக்கையாளரிடம் போகும் முன் சில மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது பலன் தரும். ஒன்றுக்கு அருகில் இருந்தால் பழுது வயதைப் பொறுத்ததல்ல. குறித்த காலத்தில் பாகம் மாற்றுவது வெறும் செலவு. ஒன்றுக்கு மேலே போனால் தேய்மானம், உலோகக் களைப்பு, அரிப்பு. அங்கேதான் முன்கூட்டியே மாற்றுவதற்கு அர்த்தம் உண்டு. ஒரே பரவல் இத்தனை வகைக்கும் வளைந்து கொடுப்பதுதான் இதன் செல்வாக்குக்குக் காரணம். சுவீடன் பொறியாளர் வாலோடி வெய்புல் 1951-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் எஃகின் வலிமையோடு இந்தியப் பருத்தி இழையின் வலிமையையும் பீன்ஸ் விதைகளின் அகலத்தையும்கூட உதாரணமாக வைத்திருந்தார்.

மென்பொருளில் இதையே செய்தால், ஆர் மொழியின் சர்வைவல் தொகுப்பும் பைத்தானின் லைஃப்லைன்ஸும் மேக்ஸிமம் லைக்லிஹுட் முறையைப் பயன்படுத்தும். பழுதான பம்புக்கு அந்த நேரத்தில் பழுதாகும் அடர்த்தி, பழுதாகாததற்கு அந்த நேரம் வரை தாக்குப்பிடிக்கும் நிகழ்தகவு. எல்லாவற்றையும் பெருக்கி, பெருக்கற்பலன் மிகப் பெரிதாகும் பீட்டாவையும் ஈட்டாவையும் தேடுவது. நம் தரவுக்கு பீட்டா 2.06, ஈட்டா 2340 என்று வருகிறது. பி10 சுமார் 785. தாளில் வந்த 700-க்கும் இதற்கும் இடையே சண்டை எதுவும் இல்லை. சிறிய மாதிரியில் இப்படித்தான் இருக்கும். ஆனால் லைக்லிஹுட் முறை சிறிய மாதிரிகளில் பீட்டாவை மிகைப்படுத்தும் என்பதை மறக்க வேண்டாம். முழுவதும் பழுதான ஐந்து மாதிரிகளில் சராசரியாக ஒன்றரை மடங்கு வரை போகும். பத்தில் ஆறில் ஒரு பங்கு கூடுதல். மிகையான பீட்டா பி10-ஐ, அதைவிட பி1-ஐ, இருப்பதைவிட அழகாகக் காட்டும். ஒரு சிறிய எச்சரிக்கை: லைஃப்லைன்ஸில் நிகழ்வுப் பட்டியலில் 1 என்றால் பழுது, 0 என்றால் பழுதாகவில்லை. வேறு சில கருவிகளில் இது தலைகீழ். மாற்றிக் கொடுத்தாலும் பிழைச் செய்தி வராது, விடைதான் தப்பாக வரும்.

தனி எண்ணோடு நிறுத்துவது எனக்குப் பிடிக்காத பழக்கம். இந்த நான்கு பழுதுகளை வைத்து பீட்டாவுக்கு லைக்லிஹுட் விகித முறையில் 90% நம்பிக்கை இடைவெளி போட்டால் சுமார் 0.9 முதல் 3.8 வரை நீள்கிறது. ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது! எண்களை மட்டும் கேட்டால், இது தேய்மானமா தற்செயலா என்றுகூடத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தேய்மானம் என்று நாம் சொல்வது, நான்கு சீல்களையும் பிரித்துத் தேய்ந்த தடத்தைக் கண்ணால் பார்த்ததால். புள்ளியியல் அந்தப் பரிசோதனைக்குப் பதிலாகாது. மாதிரி குறைவாக இருக்கும்போது, பீட்டா 1.95 என்று இரண்டு தசமத்தில் அறிக்கை எழுதுவதைவிட "ஏறக்குறைய 2" என்று எழுதுவது நேர்மையானது.

பழுதான பொருளைப் பிரித்துப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 620-இல் நின்ற பம்பு சீல் கசிந்து நிற்கவில்லை, மோட்டாரின் சுருள்கம்பி எரிந்து நின்றது என்று வையுங்கள். இரண்டு வெவ்வேறு பழுதுகளை ஒரே கோட்டில் அடைத்தால் கோடு நடுவில் முழங்கால்போல் மடங்கும்; புள்ளிகள் குறைவென்றால் மடங்கியதுகூடத் தெரியாது. சரியான வழி, ஒவ்வொரு பழுது வகைக்கும் தனித்தனிக் கணக்கு. சீலுக்கான கணக்கில், சுருள் எரிந்த பம்பு 620 மணி நேரத்தில் நிறுத்தப்பட்டது என்று சேரும். சுருளுக்கான கணக்கில் சீல் கசிந்தவை நிறுத்தப்பட்டவையாகச் சேரும். கடைசியில் ஒரு காலத்துக்கான தாக்குப்பிடிக்கும் நிகழ்தகவுகளைப் பெருக்கினால் முழுப் பம்பின் நம்பகத்தன்மை வரும். வளைந்த கோட்டைப் பார்த்ததும் மூன்றாவது அளவுருவான தொடக்கக் காலத்தைச் சேர்த்து நிமிர்த்திவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தக் காலத்துக்கு முன் பழுது நேரவே முடியாது என்பதற்கு இயற்பியல் காரணம் இல்லையென்றால், பழுதுகள் இருபதுக்குக் குறைவென்றால், அதைத் தொடாதீர்கள்.

அடுத்து, பழுதே ஆகாத சோதனை. மேலாளர்களுக்கு மிகவும் பிடித்தது, பொறியாளர்களைத் தூங்கவிடாதது. சீலை மாற்றி வடிவமைத்து ஆறு பம்புகளை 2400 மணி நேரம் ஓட்டினோம், ஒன்றும் பழுதாகவில்லை. ஆயுள் முடிவிலி என்றா எழுதுவது? பழைய வடிவத்தில் பார்த்த பீட்டாவைக் கடன் வாங்கலாம்; வடிவம் மாறினாலும் சீல் தேய்வது அதே விதத்தில்தான் என்ற நம்பிக்கையில் 2 என்று வைப்போம். ஒவ்வொரு நேரத்தையும் பீட்டா அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுங்கள்: 6 × 2400² = 3,45,60,000. 90% நம்பிக்கைக்கு இதை 2.303-ஆல் (0.1-இன் மடக்கை, குறி நீக்கி) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3870. இது ஈட்டாவின் கீழ் எல்லை. பி10-இன் கீழ் எல்லை 1260 மணி நேரம். வெய்பேய்ஸ் என்று இந்த முறைக்குப் பெயர்.

இதில் ஊன்றிப் பார்க்க வேண்டியது கடன் வாங்கிய பீட்டா. அதே சோதனைக்கு பீட்டா 1.5 என்றால் பி10 எல்லை 1010-க்கு இறங்கும். 3 என்றால் 1560-க்கு ஏறும். பெரிய பீட்டா எப்போதும் நமக்குச் சாதகம் என்றும் சொல்ல முடியாது. சோதித்த காலத்தைவிடக் குறைந்த காலத்துக்கு உறுதி தருவதென்றால் சின்ன பீட்டாதான் பாதுகாப்பான அனுமானம். 2400 ஓட்டிவிட்டு 5000 மணி நேரத்துக்கு உறுதி தருவதென்றால் பெரிய பீட்டாவை எடுப்பதே பாதுகாப்பு. இரண்டு முனையையும் போட்டுக் காட்டாத வெய்பேய்ஸ் அறிக்கையை நான் ஏற்பதில்லை.

எத்தனை மாதிரி வேண்டும் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. குறித்த ஆயுள் வரை மட்டும் ஓட்டி, பழுதே இல்லாமல், 90% நம்பகத்தன்மையை 90% நம்பிக்கையோடு காட்ட 22 மாதிரிகள் வேண்டும்: 0.1-இன் மடக்கையை 0.9-இன் மடக்கையால் வகுத்தால் 21.85. நம்பகத்தன்மை 99% வேண்டுமென்றால் 230. இரு மடங்கு காலம் ஓட்ட முடிந்து, பீட்டாவும் 2 என்றால், 21.85-ஐ 2²-ஆல் வகுத்து 6 மாதிரிகள் போதும். பீட்டா உண்மையில் 1.5 என்றால் 8 வேண்டியிருக்கும். 22-இல் ஒன்று பழுதாகிவிட்டால், "சரி, இன்னொரு 22 போடுவோம்" என்று முதல் சோதனையை மறப்பது ஏமாற்று வேலை. ஒரு பழுதை அனுமதிக்கும் திட்டம் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே 38 மாதிரிகள் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

காலத்தைச் சுருக்க வெப்பத்தை ஏற்றுவது எல்லோரும் செய்வதுதான். வெப்பம் ஏறினால் பழுது எத்தனை மடங்கு வேகமாக வரும் என்று சொல்லும் அர்ஹீனியஸ் சூத்திரம் எளிது: வேகப் பெருக்கம் = எக்ஸ்ப்[(கிளர்வு ஆற்றல் ÷ 0.00008617) × (1 ÷ பயன்பாட்டு வெப்பநிலை − 1 ÷ சோதனை வெப்பநிலை)]. கிளர்வு ஆற்றல் என்பது பழுதுக்குக் காரணமான மாற்றம் நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை. அது எலக்ட்ரான் வோல்ட்டில், வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். செல்சியஸைப் போட்டுவிட்டு விடை விசித்திரமாக இருக்கிறதே என்று யோசிப்பது வழக்கமான தடுமாற்றம். 40 டிகிரியில் பயன்படும் பொருளை 80 டிகிரியில் சோதித்தால், கிளர்வு ஆற்றல் 0.5 என்று வைத்தால் பெருக்கம் 8, 0.7 என்றால் 19, 0.9 என்றால் 44. இரண்டாயிரம் மணி நேரச் சோதனை 16 ஆயிரமா, 38 ஆயிரமா, 87 ஆயிரமா என்பதை நிர்ணயிப்பது சோதனை அல்ல, கையேட்டிலிருந்து எடுத்துப்போட்ட ஒரு எண். அதனால் குறைந்தது மூன்று வெப்பநிலைகளில் சோதித்து அந்த எண்ணை நீங்களே அளக்க வேண்டும். குறைந்த வெப்பநிலையில் பழுது மெதுவாகத்தான் வரும். அங்கே மாதிரிகள் கூடுதலாக வேண்டும், 4:2:1 போன்ற விகிதத்தில். மூன்றிலும் பீட்டா ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கோடுகள் இணையாக இல்லையென்றால் அதிக வெப்பம் வேறொரு பழுதைக் கிளப்பிவிட்டிருக்கலாம்: இளகிய பிளாஸ்டிக், இறுகிப்போன ரப்பர். அந்தத் தரவை எந்தப் பெருக்கமும் காப்பாற்றாது.

எம்.டி.பி.எஃப்-க்கு ஒரு நியாயமான இடம் உண்டு. பழுது உண்மையிலேயே தற்செயலாக வருவது, கவனிக்கும் காலம் தேய்மானம் தொடங்குவதற்கு முன் முடிவது என்றால் அது பயன்படும். ஹார்ட் டிஸ்க்கின் எம்.டி.பி.எஃப் 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருந்தால், அது 114 ஆண்டு உழைக்கும் என்று பொருளல்ல. இடைவிடாமல் ஓடும் ஆயிரம் டிஸ்க்குகளில், அவற்றின் உழைக்கும் காலத்துக்குள், ஆண்டுக்கு ஒன்பது அளவில் போகும் என்றுதான் பொருள். உதிரி எத்தனை வாங்கி வைப்பது என்று திட்டமிட அது நல்ல எண்.

களத்திலிருந்து வரும் உத்தரவாதத் தரவுக்கும் மேலே சொன்ன கணக்குதான், ஆனால் குப்பை அதிகம். விற்ற மாத வாரியாக வரிசைகளும், திரும்பி வந்த மாத வாரியாக நிரல்களும் கொண்ட அட்டவணை போட்டால், ஒவ்வொரு கட்டமும் ஒரு குறிப்பிட்ட வயதில் பழுதான எண்ணிக்கையைத் தரும்; ஒவ்வொரு வரிசையிலும் திரும்பாதவை, இன்றைய வயதில் நிறுத்தப்பட்டவை. உத்தரவாதம் முடிந்தவற்றை மட்டும் இன்றைய வயதில் வைக்கக் கூடாது; முடிந்த நாளின் வயதில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு பழுதானாலும் யாரும் தெரிவிக்கப் போவதில்லை, நாம் நலமாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். கிடங்கிலிருந்து அனுப்பிய தேதியை விற்பனைத் தேதியாக எடுத்தால், அலமாரியில் சும்மா இருந்த மாதங்களும் ஓடிய ஆயுளாகச் சேர்ந்துவிடும். பழுது புகாராகப் பதிவாக ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்பதால் கடைசி இரண்டு நிரல்கள் எப்போதும் உண்மையைவிட அழகாக இருக்கும். அவற்றை வெட்டிவிட்டு, வெட்டிய தேதியையே இன்றைய தேதியாக வைத்துக் கணக்கிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கும்போது மட்டும் தெரியவரும் பழுதுக்குச் சோதித்த நாளையே பழுதான நாளாக எழுதாமல், முந்தைய சோதனைக்கும் இந்தச் சோதனைக்கும் இடையே என்று இடைவெளியாகக் கொடுங்கள். லைக்லிஹுட் முறை அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். வெய்புல் தாள் ஏற்காது.